ஏலமலைக்கு நார்க் கஞ்சா வேண்டுமா?

கஞ்சா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்க்குப் போலீஸ்காரர் ஞாபகமே வரும். ஆயினும், அந்தச் செடியின் வகைகளில் போதைச் சத்து மிகக் குறைந்ததைத் தெரிந்தெடுத்து, நாருக்காகவும் விதைக்காகவும் பயிர் செய்து, அதிலிருந்து துணி, கயிறு, காகிதம், எண்ணெய், சுவர் எழுப்பும் சுண்ணாம்புக் கலவை முதலியவற்றைச் செய்து விற்பது இன்று பல தேசங்களில் சட்டம் அங்கீகரித்த கைத்தொழிலாகிவிட்டது. ஆங்கிலேயர் இதனை 'ஹெம்ப்' என்பார்கள். நாம் இக்கட்டுரையில் நார்க் கஞ்சா என்றே வழங்குவோம். 2018-ம் வருஷத்தில் உத்தரகண்ட் சர்க்கார் இந்தியாவிலேயே முதன்முதலாக இதைப் பயிரிட லைசென்ஸ் வழங்கியது. 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை இதன் விதையையும் விதை எண்ணெயையும் உணவுப் பண்டங்களாக ஒப்புக்கொண்டு விதிகளை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் இமாசலப் பிரதேசச் சட்டசபை இதற்கான கமிட்டி அறிக்கையை ஏற்றது. வடக்கே மலைநாட்டார் இவ்விதம் முன்னேறுவதைக் காணும் தெற்கத்தி மலையோரத்தார், "எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்பது நியாயமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காயையும் காப்பியையும் இலவம் பஞ்சையும் நம்பிப் பிழைக்கும் போடிநாயக்கனூரில் இக்கேள்வி எழுமாயின் அதை ஏளனம் செய்வதற்கில்லை.

ஆனால் கேள்விக்கு விடை கூறுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். இந்தப் பயிருக்குப் பெரிய தடை இந்தியச் சட்டமே என்று பலர் எண்ணுகிறார்கள். நம் அபிப்பிராயம் அதுவன்று. சட்டத்தில் வழி இருக்கிறது. சரக்கை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் அளவுகோல் பயிர் செய்கிறவன் கையில் இல்லை என்பதே உண்மையான தடை. இதைப் போடிக்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஏலக்காயில் அவர்கள் இதை ஏற்கெனவே நன்றாக அநுபவித்திருக்கிறார்கள்.

முதலில் சட்டத்தின் கதையைச் சொல்லிவிடுவோம். ஆங்கில ஆட்சியில் 1893-ல் நியமிக்கப்பட்ட கஞ்சாக் கமிஷன் தேசமெங்கும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தது. அடியோடு தடுப்பது அவசியமுமன்று, உசிதமுமன்று என்று 1894-ல் அறிக்கை செய்தது. கலால் வருமானத்தில் கண் வைத்திருந்த சர்க்காருக்கு அந்த முடிவு கசக்கவில்லை. பின்னர் 1925-ம் வருஷத்து ஜினீவா ஒப்பந்தத்தில் இச்செடி சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961-ல் நியூயார்க்கில் செய்துகொண்ட போதைப் பொருள் ஒப்பந்தம் அக்கட்டுப்பாட்டை இறுக்கியது. அதே ஒப்பந்தத்தின் 28-வது ஷரத்து, நாருக்கும் விதைக்குமாகக் கைத்தொழிலின் பொருட்டுப் பயிர் செய்வதற்கு இந்த விதிகள் பொருந்தா என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லுகிறது. ஒப்பந்தம் கஞ்சா என்று கருதுவது பூவும் காயும் சேர்ந்த கொழுந்து நுனிகளையே. தனியே பிரித்த விதையும் இலையும் அதில் சேரா.

நமது 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டமும் இதே போக்கில் அமைந்தது. 8-வது பிரிவு கஞ்சாப் பயிரைத் தடுக்கிறது. 14-வது பிரிவு, நாருக்காகவோ விதைக்காகவோ மட்டும் பயிரிடுவதைச் சர்க்கார் தன் உத்தரவினால், நிபந்தனைகளுடன், அநுமதிக்கலாம் என்கிறது. உத்தரகண்ட் இந்த வழியாகத்தான் நுழைந்தது. தமிழ்நாடு சர்க்கார் இதுவரை அதில் இறங்கவில்லை. 2020 டிசம்பர் 2-ந் தேதி ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் கமிஷன் 27-க்கு 25 என்ற வோட்டுக் கணக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காவது ஜாபிதாவிலிருந்து நீக்கிற்று. இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாகவே வோட்டளித்தது. முதல் ஜாபிதாவில் அது இன்னும் இருந்து வருகிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். சிலர் பாதிச் செய்தியைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

இடையில் ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். நெல்லுக்கு முன் விதைத்து மடக்கி உழுகிறோமே, அந்தச் சணப்பை வேறு. அது அவரை இனத்துச் செடி; போதை என்பதே கிடையாது; அதன் நாரைக் கொண்டு கயிறும் வலையும் செய்வார்கள். சாக்கு நெய்யும் சணல் வேறு. வியாபார ஆங்கிலத்தில் சணப்பைக்கும் 'ஹெம்ப்' என்ற வால் சேர்ந்திருப்பதால், ஒன்றின் விலையைச் சொல்லி மற்றொன்றுக்கு ஆசை காட்டுவது எளிதாகிறது.

இனி ஏலக்காய்க்கு வருவோம். போடி நகரத்தின் செல்வமெல்லாம் மேலே ஏலமலைக் காட்டில் விளைகிறது. 1956-ல் ராஜ்யங்களைத் திருத்தி அமைத்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. தோட்டம் அங்கே, தோட்டக்காரர்களில் பலருடைய வீடும் வியாபாரமும் இங்கே என்ற நிலைமை அன்று தொட்டு இருக்கிறது. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் ரயில் வந்தது. 2010-ன் இறுதியில் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தப்பட்ட அந்த ரயில் திரும்ப வர 2023 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடங்கள் இரண்டு: வண்டன்மேட்டை அடுத்த புத்தடி ஒன்று, போடி ஒன்று. 2007 முதல் இந்த ஏலம் மின்னணு முறையில் நடந்து வருகிறது.

ஏலத்தில் வியாபாரி எதைப் பார்க்கிறார்? மாதிரியைக் கையில் கொட்டிப் பார்க்கிறார். பச்சை நிறம் எப்படி, காய் எத்தனை மில்லிமீட்டர், லிட்டர் எடை என்ன, தோலில் சொறி உண்டா என்று பார்க்கிறார். இலைப்பேன் சுரண்டிய காயில் தழும்பு விழும். தழும்பு விழுந்த காய்க்கு விலை விழும். ஆகவே தோட்டக்காரர் மருந்து அடிக்கிறார். தண்டு துளைக்கும் புழுவுக்காக இன்னொரு முறை அடிக்கிறார். மழைக்கு முன்னும் பின்னும் அடிக்கிறார். காய் பளபளவென்று வருகிறது. ஏலத்தில் நல்ல விலை போகிறது. அதே காய் கடல் கடந்து ஸவூதி அரேபியத் துறைமுகத்தை அடைந்ததும் அங்குள்ள பரிசோதகர் தோலின் அழகைப் பார்ப்பதில்லை. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார். 2018-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தக் காரணத்தினால் நமது ஏலக்காய் அந்தப் பெரிய சந்தையில் பட்ட அவமானம் எல்லாரும் அறிந்ததே. போடி ஏலம் எதற்குப் பரிசு கொடுத்ததோ, அதைச் சாதித்த வழிக்கே ஸவூதி தண்டனை கொடுத்தது.

வெளிநாட்டார் மட்டுமே இவ்விதம் செய்கிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. சபரிமலை அரவணையில் சேர்ந்த ஏலக்காயில் மருந்து மிச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனையில் கண்டு, 2023 ஜனவரியில் கேரள ஹைக்கோர்ட்டு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்களின் விற்பனையை நிறுத்தியது. 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது உண்மையே. ஆனால் அதற்குள் சரக்கு பக்தர்களுக்கு உதவாமல் போயிற்று.

இந்த இடைவெளியில் லாபம் அடைந்தவர்கள் யார்? குவாதமாலா தேசத்தார். முதல் உலக யுத்த காலத்தையொட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே ஏலச் செடியைக் கொண்டுபோய் நட்டார். அந்த ஜனங்கள் ஏலக்காயை அநேகமாக உண்பதே இல்லை. விளைவதை எல்லாம் ஏற்றுமதி செய்கிறார்கள். நம் தேசத்துச் செடி, நம்மைவிட அதிகமாக அவர்களால் உலகச் சந்தைக்குப் போகிறது. 2018 வெள்ளத்தையும் அதன் பின் வந்த வறட்சியையும் தொடர்ந்து 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதைப் பலரும் பெருமையோடு சொல்லுகிறார்கள். விளைச்சல் போன வருஷத்தில் ஏறிய விலை அது. எத்தனை தோட்டக்காரர் கையில் அப்போது காய் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குச் சரியாகும்.

நார்க் கஞ்சாவில் இந்த அளவுகோல் இன்னும் கூர்மையானது. ஏலக்காய் அளவு மீறினால் விலை போகும். கஞ்சா அளவு மீறினால் ஆளே போக நேரும். அமெரிக்கா 2018-ம் வருஷத்து விவசாயச் சட்டத்தில், உலர்ந்த எடையில் போதைச் சத்து 0.3 சதவிகிதத்துக்கு மேற்படாததையே நார்க் கஞ்சா என்று வரையறுத்தது. ஐரோப்பிய யூனியன் 0.2 என்று வைத்திருந்ததை 2023 முதல் 0.3 ஆக்கிற்று. சுவிட்சர்லாந்து ஒரு சதவிகிதம் வரை சகிக்கிறது. ஒரே செடி ஒரு தேசத்தில் பயிர், பக்கத்துத் தேசத்தில் குற்றம். உணவு விதிகளிலும் அப்படியே. இந்தியாவில் விதைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமும், விதை எண்ணெய்க்கு 10 மில்லிகிராமும் உச்ச அளவு. ஐரோப்பாவில் 2023 முதல் விதைக்கு 3, எண்ணெய்க்கு 7.5. நமது சர்க்காரின் முத்திரை பெற்று, நமது சட்டப்படி குற்றமற்ற எண்ணெய் ஐரோப்பியத் துறைமுகத்தில் திருப்பப்படலாம் என்பதே இதன் பொருள். விதி ஓரிடத்தில் நிலைத்தும் நிற்பதில்லை. 2018-ல் தாராளமாகத் திறந்த அமெரிக்கா, 2025 நவம்பரில் அந்த வரையறையையே திருத்தி, மக்கள் வாங்கும் பண்டங்களில் ஒரு டப்பிக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் போதைச் சத்து கூடாது என்று ஒரு வருஷ தவணை வைத்துச் சட்டம் செய்துவிட்டது.

தண்டனை விஷயத்தில் உள்ள வேற்றுமை இதைவிடக் கவனிக்கற்பாலது. அமெரிக்க விதிகளின்படி, அறுவடைக்கு முன் முப்பது நாளுக்குள் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். அளவு மீறிய பயிரை அழிக்க வேண்டும். ஆனால் தக்க முயற்சி எடுத்த விவசாயியின் பயிர் ஒரு சதவிகிதம் வரை போனாலும், அதை அஜாக்கிரதைக் குற்றமாகக்கூட அவர்கள் கொள்வதில்லை. வெயிலும் விதையும் செய்த பிழைக்கு மனிதனைத் தண்டிக்கலாகாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. நமது சட்டத்தில் இந்தப் படிகள் இல்லை. லைசென்ஸின் நிபந்தனையை மீறிப் பயிரிட்டால் 20-வது பிரிவு. பத்து வருஷம் வரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போடியைச் சுற்றியுள்ள சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர் சர்க்கார் லைசென்ஸுடன் பயிரிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் 0.5 காட்டுகிறது. கிரிமினல் கோர்ட்டில் அவர் எந்தத் துறைமுகச் சந்தையைக் காட்டி வாதாடுவார்?

பயிர் 0.5 காட்டுவது வெறும் கற்பனையா என்று கேட்கலாம். அன்று. கஞ்சாச் செடிக்குக் காற்றே தூது. ஆண் செடியின் மகரந்தம் மைல் கணக்கில் பறந்து போகும். ஏலமலைக் காடுகளில் முன்னே திருட்டுத்தனமாய் விளைந்த சரக்குக்கு இடுக்கியின் பெயராலேயே கள்ளச் சந்தையில் மவுசு இருந்தது. கலால் இலாகாவும் போலீஸும் பல வருஷம் பாடுபட்டு அதை அழித்தன. எங்கோ ஒரு பள்ளத்தில் மிஞ்சிய செடியின் மகரந்தம் பட்டால், நல்ல விதையும் அடுத்த தலைமுறையில் கெடும். ஆகையால் வருஷந்தோறும் அத்தாட்சி பெற்ற விதையை விலை கொடுத்தே வாங்க வேண்டும். அந்த விதையை விற்பவர் யார்? ஐரோப்பியப் பட்டியலில் பதிந்த வகைகளெல்லாம் குளிர் தேசத்துக்கென்று வளர்க்கப்பட்டவை. இச்செடி பகற்பொழுது குறுகியதும் பூக்கும் இயல்புடையது. வடக்கே கோடைப் பகல் பதினாறு மணி நேரம் நீள்வதால் அங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நார் கொடுக்கிறது. போடி பூமத்திய ரேகைக்குப் பத்தே பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே எந்த மாதத்திலும் பகல் அவ்வளவு நீள்வதில்லை. அந்த விதையைக் கொண்டுவந்து போட்டால் முழங்கால் உயரத்திலேயே பூ எடுத்துவிடக் கூடும். நார் எங்கிருந்து வரும்?

எந்த நிலத்தில் என்பதும் ஒரு கேள்வியே. ஏலம் நிழலில் வாழும் செடி. கஞ்சா முழு வெயில் கேட்கும் செடி. ஏலத் தோட்டத்தில் இதை நுழைப்பதானால் நிழல் மரத்தை வெட்ட வேண்டும். மரத்தை வெட்டினால் ஏலமும் போகும், கீழே ஆற்றுக்கு வரும் தண்ணீரும் போகும். தவிரவும் தமிழ்நாடு சர்க்கார் கொடுக்கும் அநுமதி போடிமெட்டுச் சுங்கச் சாவடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் கேரள சர்க்காரின் உத்தரவு வேண்டும். ஆகவே மிஞ்சுவது அடிவாரத்து மானாவாரிச் சரிவுதான். அங்கே இலவ மரம் நிற்கிறது. மெத்தைக்கும் தலையணைக்கும் போடிப் பஞ்சு என்று பெயர் பெற்ற அந்த நாருக்கு எந்தப் போலீஸ் விதியும் கிடையாது. செயற்கைப் பஞ்சின் போட்டியில் அது தடுமாறுவதைக் கவனிக்க நாதியில்லை.

சந்தையின் அளவைப் பற்றியும் நிதானம் தேவை. ஐரோப்பிய யூனியன் முழுவதிலும் நார்க் கஞ்சாப் பயிர் 2015-ல் 20,540 ஹெக்டேர். 2022-ல் 33,020 ஹெக்டேர். வளர்ச்சிதான், ஆனால் இந்தியாவில் ஏலக்காய் மட்டும் ஏறக்குறைய 70,000 ஹெக்டேரில் விளைகிறது. ஒரு கண்டத்தின் பயிர் நமது ஏலமலைக் கணக்கில் பாதிக்கும் குறைவு. அதிலும் பெரும்பாகம் பிரான்சுக்கே உரியது. சீனாவின் யுன்னான், ஹெய்லோங்ஜியாங் பிரதேசங்களும் போட்டியில் நிற்கின்றன. அமெரிக்காவில் 2018-க்குப் பின் பொன் கிடைத்ததுபோல் ஜனங்கள் இதில் விழுந்தார்கள். 2021-ல் வெட்டவெளியில் 54,152 ஏக்கர் பயிரான நாட்டில் 2022-ல் 28,314 ஏக்கர்தான் பயிராயிற்று. மொத்த விளைவின் மதிப்பு 82 கோடி டாலரிலிருந்து 24 கோடிக்கும் கீழே இறங்கிற்று. மருந்தெண்ணெய்க்கென்று எல்லாரும் ஒரே சமயத்தில் பயிரிட்டதன் பலன் அது.

நார் வியாபாரமோ பாரம் சுமக்கும் வியாபாரம். தண்டை அறுத்து, ஊற வைத்து, இயந்திரத்தில் நசுக்கி நாரைப் பிரிக்க வேண்டும். ஆலை வயலின் பக்கத்திலேயே இருந்தாலன்றி வண்டிக் கூலி கட்டாது. மலையோர வியாபாரம் எப்பொழுதுமே சிறு பாரத்தில் பெரும் விலை என்ற கணக்கில் நடப்பது. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கம் கம்பி வழியாகத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய காலத்திலும், இன்று சாக்கில் ஏலக்காய் இறங்கும் காலத்திலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

அப்படியாயின் இந்தப் பயிரே வேண்டாமா? நாம் அவ்விதம் சொல்லவில்லை. விதைக்கும் நாருக்கும் உலகில் தேவை இருக்கிறது. அதை இமயமலையார்க்கே விட்டுவிட வேண்டுமென்ற சட்டமில்லை. சர்க்கார் 14-வது பிரிவின்படி முதல் லைசென்ஸை விவசாயிக்குக் கொடுக்காமல், தன் சொந்த ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கொடுத்துக்கொள்ளட்டும். பெரியகுளத்தில் விவசாயப் பல்கலைக் கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இந்த வெயிலில், இந்தப் பகற்பொழுதில், எந்த விதை எத்தனை சதவிகிதம் காட்டுகிறது என்று அங்கே மூன்று போகம் பார்த்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு வெளியிடட்டும். அதற்குள் டில்லி சர்க்கார் 20-வது பிரிவில், லைசென்ஸ் பெற்றவனின் பயிர் சிறிது மீறினால் அழிப்பதோடு விடுவதென்று ஒரு விலக்கைச் சேர்க்கட்டும். இவ்விரண்டும் நடவாமல், கம்பெனி ஒன்று விதையும் ஒப்பந்தக் காகிதமும் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்குமானால், அளவு மீறினால் ஜெயிலுக்குப் போவது யார் என்ற ஷரத்தை முதலில் வாசித்துக் காட்டும்படி கேட்பது நலம்.

ஏலக்காய் விஷயத்தில் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதே இல்லை. நறுமணப் பொருள் வாரியத்துக்குக் கொச்சி, சென்னை, தூத்துக்குடி, குண்டூர், மும்பாய் முதலிய இடங்களில் பரிசோதனைச் சாலைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் சௌகரியத்துக்கு ஏற்ற இடங்கள். உலக உணவு விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் ஸ்தாபனத்தின் நறுமணப் பொருள் கமிட்டியை 2013 முதல் இந்தியாவே ஏற்று நடத்துகிறது. சிறு ஏலக்காய்க்கான உலக அளவுகோல் 2024-ம் வருஷத் தொடக்கத்தில் கொச்சியில் கூடிய கூட்டத்திலேதான் முடிவாயிற்று. கொச்சியில் எழுதிய அளவுகோலைக் கொண்டு காயை அளந்து பார்க்கும் கருவி, காய் கைமாறும் போடியில் தோட்டக்காரரின் கைக்கு எட்ட வேண்டாமா? வாரியமும் தமிழ்நாடு சர்க்காரும் சேர்ந்து ஏல நிலையத்தை ஒட்டி ஒரு பரிசோதனைச் சாலை வைத்து, சிறு தோட்டக்காரர்க்குக் குறைந்த கட்டணத்தில் மாதிரியைச் சோதித்துத் தரலாம். ஏலத்தில் மாதிரியோடு வைக்கும் விவரச் சீட்டில் எடை, அளவு இவற்றுக்குக் கீழே மருந்து மிச்சம் எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரியைப் பார்த்து வியாபாரி பத்து ரூபாய் கூட்டிக் கேட்கத் தொடங்கும் நாளில், தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் தோட்டக்காரர் தாமே கணக்குப் பார்ப்பார்.